நான்காம் லைன்

மூன்று கையேடுகள் காரின் முன் இருக்கையில்.
ஆள் இருப்பதாக நினைத்து
பெல்ட் போடச் சொல்லிக் கத்திக்கொண்டே வருகிறது கார்.
அத்தனை கனம்.

மூன்றின் அட்டையிலும் அதே நால்வர்:
ஒரு தாடி, ஒரு முக்காடு, ஒரு சுருள்முடி, ஒரு நரை.
ஒரே மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன்.
எக்செல் தாளைப் பார்த்து
யாரும் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

முதலாவது டவுன்டவுனில், கண்ணாடிக் கட்டடம்.
கட்டணத்தைச் சத்தமாக வாசித்தேன்.
பிரதீபன் பல் துலக்குவதை நிறுத்தி
"முழுக்கவோ?" என்று கேட்டான்.
"ஒரு வருசத்துக்கு."
மறுபடி துலக்கினான், முன்பைவிட அழுத்தி.

இரண்டாவது இணையவழி.
எப்போது வேண்டுமானாலும் படிக்கலாமாம்.
அப்படியொரு நேரம்
எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் இல்லை.

மூன்றாவது மிசிசாகாவில்,
சனிக்கிழமைகளில் மட்டும்,
பல் மருத்துவமனைக்கு மேல்மாடி.
தரவரிசைப் பட்டியலில் தேடி
அடிக்குறிப்பு வரை இறங்கிப் பார்த்தேன்.

பிறகு மதிப்பெண் போட்டேன்.
தரத்துக்கு இத்தனை, தூரத்துக்கு இத்தனை,
பிள்ளையின் நீச்சல் வகுப்புக்கு இத்தனை.
எடைகளை மாற்றிக்கொண்டே போனதில்
கண்ணாடிக் கட்டடம் வென்றது.
எங்கள் மாத அறிக்கையும் இப்படித்தான் வெல்லும்.

கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு மாதிரி வகுப்பு.
முன்கூட்டியே வாசிக்கச் சொன்ன பதினெட்டுப் பக்கம்:
ஒன்ராறியோவில் ஓர் உறைகுளிர் உணவுக் கிடங்கு.
நிறுவனத்தின் பெயரை மாற்றியிருந்தார்கள்.
லைன் எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள்.
மூன்றாம் அட்டவணை: நான்காம் லைன், இருபத்தாறு பேர்.

அதில் ஒருத்தி நான்.
பட்டாணிப் பொதி, இரட்டைக் கையுறை,
உள்ளே மைனஸ் பதினெட்டு.
சில ஜனவரிகளில்
வெளியே போவதுதான் தண்டனை.

மூடலாமா, வேண்டாமா?
மூடலாம் என்று கைகள் உயர்ந்தன.
கணக்குச் சரி.
நானும் போட்டுப் பார்த்தேன், சரிதான்.
அதுதான் தொண்டையில் நின்றது.

கை தூக்கிச் சொன்னேன்:
பெல்ட்டின் சத்தத்தை வைத்தே
எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்ல
ஹலினா ஒருத்திக்குத்தான் தெரியும்.
அவளையும் அனுப்பினார்கள்.
அடுத்த மாதம் மூன்றாம் லைன்
பதினொரு நாள் படுத்துக் கிடந்தது.

"அது எந்த அட்டவணையில் இருக்கிறது?"
பேராசிரியர் மரியாதையாகத்தான் கேட்டார்.
இல்லை என்றேன்.
அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

இரண்டு கிழமை கழித்து, பல் மருத்துவமனை மாடி.
அதே பதினெட்டுப் பக்கம்.
இந்தக் கதைகளையும் விற்கிறார்களாம், பொதி பொதியாக.
பாதிப் பேர் வாசிக்கவில்லை.
கடைசி வரிசையில் ஒருவன்
ஒளிரும் மேலங்கியோடு தூங்கினான்.
கீழே யாருக்கோ பல்லைத் துளைக்கிற சத்தம்
தரை வழியாக ஏறிவந்தது.
ஓடெட் என்ற ஆசிரியை, முன்பு லொறிக் கம்பனிக் கணக்காளர்,
பலகையில் கூட்டலைப் பிழைவிட்டு
உள்ளங்கையால் அழித்தாள்.

மறுபடியும் ஹலினாவைச் சொன்னேன்,
இம்முறை கொஞ்சம் கோபமாக.
"எத்தனை நாள்?"
"பதினொன்று."
"பதினொரு நாளுக்கு எவ்வளவு?"

தெரியவில்லை.
இத்தனை வருடம் அந்த நாட்களைச் சுமந்திருக்கிறேன்,
கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன்,
ஒருநாளும் பெருக்கிப் பார்த்ததில்லை.
கோபம் கையில் இருந்தது. தொகை இல்லை.
அவள் சோக்கை நீட்டிக்கொண்டே நின்றாள்.
நான் எழும்பவில்லை.

டிக்சி வீதியில் சிவப்பு விளக்கு.
கண்ணாடிக் கட்டடத்தின் கையேட்டை எடுத்து
சிரிக்கிற நால்வரின் பற்களுக்கு மேலே எழுதினேன்:
மணிக்கு நானூறு பெட்டி,
இரண்டு ஷிப்ட், பதினாறு மணி,
கெட்டுப்போன பட்டாணி தனி,
சும்மா நின்றவர்களின் சம்பளம் தனி,
ஹலினாவின் சம்பளம்

பச்சை.
பின்னால் ஹார்ன்.
பேனையைப் பல்லில் கடித்தபடி கியர் போட்டேன்.
பக்கத்து இருக்கை இன்னும் கத்துகிறது.
கூட்டி முடிக்கவில்லை.